காவிரித் தண்ணீரும் குடகுக் கொட்டையும்! திருச்சி காபிக் கடைகளுக்கு வந்த சோதனை

திருச்சி,

"காபி எங்கே நல்லா இருக்கும்?"

திருச்சியில் நாலு பேர் கூடிய இடத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் சண்டைதான்!

ஸ்ரீரங்கத்துக்காரர் "எங்க ஊரைத் தாண்டி என்ன இருக்கு?" என்பார். திருவானைக்கோவில்காரர் "பக்கத்திலேயே இருக்கோம், எங்களை மறந்துட்டீங்களே" என்று வருத்தப்படுவார். டவுன்காரர் மலைக்கோட்டையைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் போடுவார். பொன்மலைக்காரர் விடுவாரா? "ஒர்க்‌ஷாப் பக்கம் வாங்க சார், அப்புறம் பேசுங்க" என்பார்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் இந்த நாலு பேரும் ஒத்துப்போவார்கள்.

"தண்ணி சார், தண்ணி. காவிரித் தண்ணி!"

ஆகவே, காபியைத் தேடிக் கிளம்பிய நாம் முதலில் போனது கடைக்கு அல்ல. முக்கொம்புக்கு!

தண்ணீர் பிரியும் இடம்

டவுனில் இருந்து கரூர் ரோட்டில் சுமார் 18 கிலோ மீட்டர். அகண்டு வரும் காவிரி இங்கே இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போவது கொள்ளிடம். தெற்கே போவது காவிரி. நடுவில் கிடக்கும் தீவில்தான் ஸ்ரீரங்கமும் திருவானைக்கோவிலும் இருக்கின்றன.

1836-ம் ஆண்டில் ஆர்தர் காட்டன் என்ற வெள்ளைக்கார என்ஜினீயர் மேலணை கட்டத் தொடங்கியது இங்கேதான். கொள்ளிடத்தில் வீணாக ஓடிய தண்ணீரைக் காவிரிக்குத் திருப்புவதற்கு அந்த அணை.

அந்தப் பழைய அணையின் கொள்ளிடம் பகுதியில் 2018 ஆகஸ்டு 22-ந்தேதி இரவு 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. 180 வருடம் நின்ற அணை! மணல் மூட்டை போட்டும் பாறை கொட்டியும் தண்ணீரைத் தடுக்க நாள்கணக்கில் போராடினார்கள். பிறகு பக்கத்திலேயே சுமார் 387 கோடி ரூபாயில் புதிய கதவணை கட்டப்பட்டது.

இதற்கும் காபிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள்.

முக்கொம்பைத் தாண்டி வரும் காவிரி கம்பரசம்பேட்டைக்கு வருகிறது. ஆற்று மணலில் ஊறும் நீரை அங்கே இறைத்துத்தான் திருச்சிக்குக் குழாயில் அனுப்புகிறார்கள். கடைக்காரர் பாய்லரில் ஊற்றுவது அந்தத் தண்ணீர்!

ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் டிகாஷன் இறக்கிப் பாருங்கள். எவ்வளவு உசந்த தூள் போட்டாலும் சப்பென்று இருக்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து காபியின் புளிப்பையும் மணத்தையும் அமுக்கிவிடும். ஆற்றுத் தண்ணீரில் அந்த வம்பு குறைவு. திருச்சிக்காரர்கள் பெருமை அடித்துக்கொள்வதில் விஷயம் இருக்கிறது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. காவிரி பிறப்பது குடகு மலையில், தலைக்காவிரியில். இந்தியாவிலேயே மிக அதிகமாகக் காபி விளையும் மாவட்டமும் அதே குடகுதான்! கொட்டையும் தண்ணீரும் ஒரே ஊர்க்காரர்கள். கொட்டை லாரியில் வருகிறது. தண்ணீர் நடந்து வருகிறது. இரண்டும் சந்திப்பது திருச்சியில் ஒரு பித்தளை பில்டரில்.

1-ம் நம்பர் பஸ்

முக்கொம்பில் இருந்து திரும்பி, மறுநாள் விடியற்காலை ஸ்ரீரங்கத்தில் 1-ம் நம்பர் பஸ் நிற்கும் இடத்துக்குப் போனோம். திருச்சியின் காபி வரைபடம் வேண்டுமானால் இந்த பஸ்சில் ஏறினால் போதும். ஸ்ரீரங்கம், திருவானைக்கோவில், மாம்பழச்சாலை, சத்திரம், மெயின்கார்டுகேட், பாலக்கரை, ஜங்‌ஷன் என்று போகும். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு காபி உண்டு.

ஸ்ரீரங்கத்தில் காபி என்பது காலை வேலை. விசுவரூப தரிசனத்துக்குப் போகிறவர்கள், அம்மா மண்டபத்தில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வருகிறவர்கள், பால் பாக்கெட் வாங்க வந்த சாக்கில் கடையில் ஒதுங்குகிறவர்கள். இவர்களை நம்பி விடிவதற்கு முன்பே அடுப்பு பற்றவைத்துவிடுகிறார்கள். வெளியூர்க்காரர்கள் கேட்டு வருவது முரளி காபி. உள்ளூர்க்காரருக்கு அவரவர் வீதி முனைக் கடை.

இங்கே யாரும் "ஒரு காபி" என்று மொட்டையாகச் சொல்வது இல்லை.

"சர்க்கரை கம்மி, டிகாஷன் தூக்கலா."

"எனக்கு சர்க்கரையே வேணாம். பால் மட்டும் கொஞ்சம் கூட."

"லைட்டா, நுரை இல்லாம."

மாஸ்டர் யாரையும் திரும்பிப் பார்ப்பது இல்லை. ஆனால் ஒருவருடைய டம்ளர் இன்னொருவருக்குப் போவதும் இல்லை! தினம் வருகிறவர் வாயைத் திறக்கவே வேண்டாம். தலை தெரிந்ததும் டம்ளர் வந்துவிடும். வீட்டில்கூட கிடைக்காத மரியாதை இது.

திருவானைக்கோவிலில் பெயர் சொல்ல வேண்டியது ஸ்ரீ பார்த்தசாரதி விலாஸ். 1943-ல் தொடங்கிய கடை. நெய் ரோஸ்ட்டுக்காகத்தான் கூட்டம் வருகிறது. ஆனால் ரோஸ்ட் தின்ற வாய்க்கு ஒரு காபி போகாவிட்டால் அன்றைய பலகாரம் கணக்கில் சேராது என்பது நம் கட்சி.

காபி கிளப்

டவுனில் இதைவிடப் பழையது ஆதிகுடி காபி கிளப். 1916-ல் ஆரம்பித்தது. ஆதிகுடி என்பது லால்குடி பக்கத்தில் உள்ள கிராமம். ஊர்ப் பெயரையே கடைக்கு வைத்துக்கொண்டு டவுனுக்கு வந்துவிட்டார்கள்.

அது என்ன "கிளப்"? சீட்டாட்டமா?

இல்லை. அந்தக் காலத்தில் காபி விற்கும் சிற்றுண்டிக் கடையைத் தமிழ்நாட்டில் காபி கிளப் என்றுதான் சொன்னார்கள். காபியே அப்போது புதுச்சரக்கு. அதற்கு முன்பு காலையில் நீராகாரமும் பழையதும்தான். காபி வந்ததும் "இது ஊரைக் கெடுக்கும் பானம்" என்று திட்டியவர்கள் உண்டு. திட்டிக்கொண்டே குடித்தவர்களும் உண்டு. இந்தக் கதையைச் சரித்திரப் பேராசிரியர் ஆ.இரா.வேங்கடாசலபதி "அந்தக் காலத்தில் காப்பி இல்லை" என்ற புத்தகத்தில் எழுதி இருக்கிறார்.

இனிப்பை மட்டும் சொல்லிவிட்டுக் கசப்பை மறைக்கக்கூடாது. அந்தக் காலத்து காபி கிளப் எல்லோருக்கும் திறந்த கதவு அல்ல. "பிராமணாள்" என்று பலகை தொங்கிய ஓட்டல்கள் இருந்தன. உள்ளே உட்காரும் இடத்திலும் சாதி பார்த்தார்கள். 1957-ல் பெரியார் அந்தப் பலகைகளை எடுக்கச் சொல்லிக் கிளர்ச்சி தொடங்கினார். சென்னை திருவல்லிக்கேணியில் ஒரு ஓட்டல் முன்பு மாதக்கணக்கில் மறியல் நடந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்தக் கிளர்ச்சியில் கைதானார்கள். கடைசியில் பலகை இறங்கியது. பழங்கதை என்று நினைக்காதீர்கள். 2012-ல் ஸ்ரீரங்கத்திலேயே ஒரு ஓட்டல் பலகையில் அந்தச் சொல் ஏறியது. மறுபடியும் போராட்டம் நடந்தது.

இன்றைக்கு 1-ம் நம்பர் பஸ்சில் இருந்து இறங்கும் யாரும் எந்தக் கடையிலும் நின்று டம்ளரை வாங்கலாம். பக்கத்தில் நிற்பவர் யார் என்று யாரும் கேட்பது இல்லை. நின்றுகொண்டே குடிக்கும் கடையைத்தான் நாம் அதிகம் விரும்புகிறோம். காரணம் இதுவும்தான்.

டிகிரி என்றால் என்ன?

"டிகிரி காபி" என்று பலகை போடாத கடை இப்போது நெடுஞ்சாலையில் இல்லை. பித்தளை டபரா டம்ளர் வாங்கி வைத்துவிட்டால் டிகிரி வந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள்.

பெயருக்கு விளக்கம் பல. பாலில் லாக்டோமீட்டரை விட்டு அடர்த்தி பார்ப்பார்கள். தண்ணீர் கலக்காத பால் இத்தனை டிகிரி காட்ட வேண்டும். அந்தப் பாலில் போட்டது டிகிரி காபி என்பது ஒரு விளக்கம். "சிக்கரி" என்ற சொல்தான் வாயில் திரிந்து டிகிரி ஆயிற்று என்பது இன்னொன்று. கும்பகோணத்துக்காரர்கள் முதல் விளக்கத்தைத்தான் சொல்வார்கள். நமக்கும் அதுவே பிடித்திருக்கிறது.

ஒரு சங்கதி. லாக்டோமீட்டரை நம்பி ஏமாறவும் செய்யலாம். பாலில் இருந்து ஆடையை எடுத்தால் அடர்த்தி கூடும். பிறகு கொஞ்சம் தண்ணீர் விட்டால் சரியான டிகிரி காட்டும்! பால்காரருக்கு இந்த வித்தை தெரியாது என்றா நினைக்கிறீர்கள்?

இப்போது பல கடைகளில் பாக்கெட் பால்தான். ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டில் கொழுப்பு 6 சதவீதம். நீல பாக்கெட்டில் 3 சதவீதம். காபி "திக்"காக இருக்கிறதா, தண்ணியாக இருக்கிறதா என்பதில் பாதி ரகசியம் இந்த வண்ணத்தில் இருக்கிறது. மீதி ரகசியம் அடுப்பில். ஒரே பாலைக் காலையில் இருந்து மதியம் வரை கொதிக்க விடும் கடையில் காபி குடிக்காதீர்கள். அது காபி அல்ல, பால்கோவாவுக்கு முந்திய நிலை!

சிக்கரியைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். அது ஒரு செடியின் வேர். வறுத்து அரைத்துக் கலக்கிறார்கள். அதனால் டிகாஷன் கறுப்பாகவும் கெட்டியாகவும் இறங்கும். தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அளவு உண்டு. காபி-சிக்கரி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பது சட்டம். எத்தனை சதவீதம் என்று பொட்டலத்தின் மேல் அச்சடித்திருக்க வேண்டும். வாங்கும்போது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியுங்கள். 80-20 என்றால் சரி. அதற்குக் கீழே போகப்போக நீங்கள் குடிப்பது வேர்க் கஷாயம்.

பீபெரி என்று கேட்டு வாங்குகிறோமே, அது தனிச் செடி அல்ல. சாதாரணமாக ஒரு காபிப் பழத்துக்குள் இரண்டு கொட்டைகள் முகம் பார்த்துப் படுத்திருக்கும். சில பழத்தில் ஒன்றே ஒன்று உருண்டையாக இருக்கும். அதுதான் பீபெரி. பொறுக்கி எடுப்பதால் விலை கூடுதல்.

பிரேசிலில் மழை இல்லை!

"என்னய்யா, மறுபடியும் ஏத்திட்டீங்களா?"

ஒன்று, இரண்டு ரூபாய் ஏறும்போதெல்லாம் கல்லாவில் கேட்கும் குரல் இது. கடைக்காரரைத் திட்டுவதற்கு முன்பு பிரேசிலைத் திட்ட வேண்டும்.

உலகத்திலேயே அதிகமாகக் காபி விளைவது பிரேசில். அடுத்தது வியட்நாம். 2024-ல் இரண்டு நாட்டிலும் வறட்சி பேசப்பட்டது. விலை ஏறியது. 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா காபி ஒரு பவுண்டு 4 டாலரைத் தாண்டியது. 1975-ல் பிரேசிலில் உறைபனி விழுந்து தோட்டங்கள் கருகியபோதும் இப்படித்தான். 2 வருடம் கழித்து, 1977-ல், விலை உச்சிக்குப் போனது. நம் நாட்டுக் காபியிலும் பெரும்பகுதி கப்பல் ஏறுகிறது. அங்கே விலை ஏறினால் தோட்டக்காரர் இங்கே குறைத்தா விற்பார்?

சென்னையில் 2025 செப்டம்பர் 1-ந்தேதி முதல் பல கடைகளில் டீ 15 ரூபாய், காபி 20 ரூபாய் ஆனது.

கடைக்காரர் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். ஒரு டம்ளருக்கு 100 மில்லி பால். லிட்டர் 60 ரூபாய் என்றால் பாலுக்கு 6 ரூபாய். தூள் 8 கிராம். கிலோ 700 ரூபாய் என்று வைத்தால் 5 ரூபாய் 60 காசு. சர்க்கரையையும் சேர்த்தால் 12 ரூபாய்க்கு மேல் ஆகிறது. 20 ரூபாய்க்கு விற்றால் 8 ரூபாய்கூட நிற்காது. அதில்தான் கியாஸ், மாஸ்டர் சம்பளம், டம்ளர் கழுவுகிறவர் சம்பளம், வாடகை, கரண்டு எல்லாம்.

ஆகவே கடை ஓடுவது லாபத்தில் அல்ல. எண்ணிக்கையில்! 500 டம்ளர் விற்றால் சுமார் 4 ஆயிரம் ரூபாய். 200 டம்ளராக இறங்கினால் 1,600 ரூபாய். ஆனால் வாடகை இறங்காது. மாஸ்டருக்கும் சம்பளம் கொடுத்தாக வேண்டும்.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு அடுத்ததைப் படியுங்கள்.

பஸ் போன பிறகு

2025 மே 9-ந்தேதி பஞ்சப்பூரில் புதிய பஸ் முனையம் திறக்கப்பட்டது. ஜூலை 16-ந்தேதி முதல் வெளியூர் பஸ்கள் அங்கே போகத் தொடங்கின. நல்ல, விசாலமான இடம். மத்திய பஸ் நிலையத்தில் பஸ்சுக்கும் பஸ்சுக்கும் நடுவில் வயிற்றை எக்கிக்கொண்டு நுழைந்தவர்கள் அனைவரும் வரவேற்பார்கள். நாமும் வரவேற்கிறோம்.

ஆனால் மத்திய பஸ் நிலையத்தைச் சுற்றி இருந்த காபிக் கடைகள்?

திருச்சி, தமிழ்நாட்டின் நடு. மதுரைக்குப் போகிறவரும் சென்னைக்குப் போகிறவரும் ராமேசுவரம் போகிறவரும் இங்கே இறங்கி ஏறினார்கள். ராத்திரி 2 மணிக்கும் 3 மணிக்கும் தூக்கக் கலக்கத்தில் இறங்கி, பையைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, சூடாக ஒரு காபி குடித்தார்கள். அந்தக் கடைகள் தூங்கியதே இல்லை. பெயர்ப் பலகையைப் பார்த்து யாரும் போகவில்லை. பஸ் நின்ற இடத்துக்கு எதிரே எந்தக் கடையோ, அந்தக் கடை!

அந்த பஸ்தான் இப்போது பஞ்சப்பூருக்குப் போய்விட்டது. டவுன் பஸ் ஏறுகிறவர்கள் வருகிறார்கள். அவர்கள் வீட்டில் காபி குடித்துவிட்டு வருகிறவர்கள்.

இது திருச்சிக்குப் புதிது அல்ல. 1976-ல் திறந்த காவிரிப் பாலத்தை 2022-ல் பழுது பார்ப்பதற்காக மூடினார்கள். 2023 மார்ச்சில்தான் மறுபடி திறந்தார்கள். அத்தனை மாதமும் பஸ்கள் சுற்றிப் போயின. பாலத்தின் இரண்டு முனைகளிலும், சிந்தாமணி பக்கமும் மாம்பழச்சாலை பக்கமும், வண்டியை ஓரம் கட்டிக் காபி குடிக்க ஆள் ஏது? சத்திரம் பஸ் நிலையத்தை இடித்துக் கட்டியபோதும் இதே கதை. 2021 கடைசியில் புதுக் கட்டிடம் திறக்கும் வரை, பஸ்கள் ரோட்டு ஓரத்தில் நின்ற இடத்தைத் துரத்திக்கொண்டு தள்ளுவண்டிகளும் ஓடின.

பாலம் திரும்பி வந்தது. சத்திரமும் திரும்பி வந்தது. வெளியூர் பஸ் மத்திய பஸ் நிலையத்துக்குத் திரும்பி வரப்போவது இல்லை.

"புது முனையத்தில் கடை எடுக்க வேண்டியதுதானே?" என்று கேட்பது சுலபம். புதுக் கட்டிடத்தில் கடை என்றால் ஏலம், முன்பணம், பெரிய வாடகை. டம்ளருக்கு 8 ரூபாய் கூட நிற்காத வியாபாரத்தில் அந்தத் தொகைக்கு எங்கே போவது? பஸ் நிலையத்தை மாற்றும்போது பயணிகளைப் பற்றி யோசிக்கிறார்கள், டிரைவர், கண்டக்டரைப் பற்றி யோசிக்கிறார்கள். அவர்களுக்கு இத்தனை வருடம் ராத்திரி கண்விழித்துக் காபி ஆற்றியவருக்கும் குறைந்த வாடகையில் நாலு கடை ஒதுக்கி இருக்கலாம் என்பது நம் அபிப்பிராயம். இனிமேலும் ஒதுக்கலாம்.

"ஒண்ணை ரெண்டா"

நம் பயணத்துக்கு வருவோம். மெயின்கார்டுகேட்டில் இறங்கி ஒரு காபி குடித்தோம். சுமார்தான். கடை எது என்று சொல்ல மாட்டோம். பாக்கெட்டைப் பிரித்து ஊற்றிய உடனடித் தூள் என்று முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது. பில்டர் காபிக் காசு வாங்கிக்கொண்டு அதைக் கொடுப்பது நியாயமா?

அந்த வருத்தத்தைப் பாலக்கரையில் ஒரு சின்னக் கடை போக்கியது. பெயர்ப் பலகைகூட இல்லை. ஒரு பாய்லர், ஒரு மேஜை, சுவரில் பழைய காலண்டர். இரண்டு பெரியவர்கள் வந்தார்கள்.

"ஒண்ணை ரெண்டா போடுப்பா."

ஒரு காபியை இரண்டு டம்ளரில் ஊற்றினார் மாஸ்டர். இரண்டையும் பக்கத்தில் வைத்து அளவு பார்த்தார். ஒன்று கொஞ்சம் குறைந்த மாதிரி தெரிந்தது. பால் பாத்திரத்தில் இருந்து ஒரு கரண்டி எடுத்து அதில் விட்டார். அதற்குக் காசு கேட்கவில்லை.

வெளியே 1-ம் நம்பர் பஸ் நின்றுகொண்டு இருந்தது. உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் வாட்சைப் பார்த்தார்கள். கண்டக்டர் விசில் ஊதவில்லை. டிரைவர் இறங்கி வந்து, அதே கடையில், டம்ளரை உயர்த்திப் பிடித்து ஆற்றிக்கொண்டு இருந்தார்.

"ரெண்டே வாய் சார்" என்றார் நம்மைப் பார்த்து. "ஏறி உக்காருங்க, வந்துட்டேன்."